பைப்பும் துத்தியும்

சனவரி 25 கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாள். நவம்பர் 30 புனித அந்திரேயா நாள். இவ்விரு நாள்களையும் ஸ்காட்லாந்துப் புலம்பெயர் சமூகங்கள் கனடாவின் நோவா ஸ்கோஷியா முதல் நியூசிலாந்தின் டனீடின் வரை கொண்டாடுகின்றன. இக்கொண்டாட்டங்கள் குறித்த ஆய்வுகளும் ஏராளம். அவை பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி வருகின்றன: மூன்றாம், நான்காம் தலைமுறை வாரிசுகள் முன்னோரின் மரபை எவ்வாறு காக்கின்றனர்? பெங்களூரில் இருந்துகொண்டு இவற்றைப் படிக்கும்போது, வினாவே ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இங்கு வாரிசுகள் இல்லை. 1809இல் ஆங்கிலேயர் நிறுவிய படைத்தளத்துக்கு, மக்கள் வழக்கில் 'தண்டு'க்கு, ஸ்காட்லாந்தினர் படைவீரராகவும் மருத்துவராகவும் வந்தனர், பின்னர்ப் போய்விட்டனர். அவர்களுக்காக 1864இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித அந்திரேயா ஆலயம் கப்பன் சாலையில் இன்றும் நிற்கிறது. அது இப்போது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. அங்கு வழிபடுவோர் இந்நாட்டு மக்கள். அல்சூர் ஏரிக்கு அருகில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம் உள்ளது. அங்கே பைப் ஊதுபவர்கள், படை வட்டாரத்தில் 'தம்பி'கள் எனப்படும் தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள். பள்ளி மாணவர்க்கான தேசிய இசைக்குழுப் போட்டியில் பைப் பேண்டுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. மாணவியர்க்கும் அதில் தனி இடம் உண்டு. ஸ்காட்லாந்தின் பெயரை வரைபடத்தில் தேடிப் பார்த்திராத சிறுமியர் அதன் தலையாய இசைக்கருவியை மூச்சடக்கிப் பயில்கின்றனர். குருதி வழியைக் கணக்கிடும் ஆய்வுமுறையில் இவர்களுக்கு இடமே இல்லை.

ஸ்காட்லாந்திலும் இம்மரபு குருதி வழியால் மட்டும் பிழைத்ததன்று. 1746ஆம் ஆண்டுச் சட்டம் ஹைலண்ட் மலைநாட்டினரின் உடையைத் தடைசெய்தது; படையில் பணிபுரிவோர்க்கு மட்டும் விலக்கு அளித்தது. (பைப்பும் அச்சட்டத்தால் தடைசெய்யப்பட்டதாகப் பலரும் எழுதுவர், சட்டத்தில் அதன் பெயர் இல்லை.) ஆக, எந்த அரசு அப்பண்பாட்டை ஒடுக்கியதோ அதன் படையே அதற்குப் புகலிடமும் ஆயிற்று. 1781இல் ஃபால்கர்க்கில் நடந்த புகழ்பெற்ற பைப் போட்டியை நடத்தியது இலண்டனில் குடியேறியவர்கள் அமைத்த ஹைலண்ட் சங்கம். இக்கருவி பற்றிய முதல் இலக்கண நூலின் கதை நமக்கு இன்னும் அணுக்கமானது. அதை 1760ஆம் ஆண்டளவில் எழுதிய ஜோசப் மெக்டொனால்ட் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணிக்கு வந்தவர். 1763இல் இந்திய மண்ணிலேயே இறந்தார். நூல் அச்சேறியது 1803இல்தான். ஒரு மரபு நிலைத்ததற்குக் காரணம் தேடினால், சம்பளம் தரும் வேலை, போட்டி, எழுதப்பட்ட பாடமுறை, கருவி செய்யும் பட்டறை என்பவையே முதலில் தென்படுகின்றன. பட்டறைகளுள் பெயர்பெற்றவை இன்று பாகிஸ்தானின் சியால்கோட்டில் உள்ளன.

2022இல் தில்லியின் படைத்திரும்பல் நிகழ்ச்சியிலிருந்து 'அபைட் வித் மீ' என்னும் கீதம் நீக்கப்பட்டது. அதை இயற்றிய ஹென்றி பிரான்சிஸ் லைட் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். காலனிய எச்சங்கள் அனைத்தையும் களைய வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்தது. பைப்பும் அந்நிய மிச்சம்தானே என்பாரும் உளர். இவ்வாதத்தை நான் ஏற்கவில்லை. நூறாண்டுக்கு மேல் நம்மவர் மூச்சால் ஊதப்பட்ட கருவியை அந்நியம் என்று தள்ளினால், ஊதியவர்களின் உழைப்பையும் சேர்த்தே தள்ளுகிறோம். அதன் ஒன்பது சுரங்களும் ஏறத்தாழ ஹரிகாம்போதிக்கு அருகில் அமைவதை நம் இசை மாணவர் எவரும் கேட்டவுடன் உணர்வர்.

ஆயினும் என்னை உறுத்துவது வேறொன்று. நம்மிடமும் ஒரு தோல்பைக் கருவி இருந்தது. துத்தி என்றும் சுருதி உபாங்கம் என்றும் அதை அழைத்தனர். ஆட்டுத்தோலைப் பையாகத் தைத்து, நாணல் சீவாளி பொருத்தி, இடைவிடாச் சுருதி தருவதற்காக ஊதினர். சதிர் ஆடிய சின்னமேளத்தில் முகவீணை, மத்தளத்தோடு அது நின்றது. 1891இல் தென்னிந்திய இசைக்கருவிகளைப் பற்றி நூல் எழுதிய சார்ல்ஸ் ரசல் டே என்ற படை அலுவலர் அதைப் படத்துடன் விவரித்துள்ளார். சதிர் பரதநாட்டியமாகி அரங்கேறியபோது முகவீணை போயிற்று, துத்தி போயிற்று. தம்புராவும் வயலினும் வந்தன. மரியாதைக்குரிய மேடைக்கு எச்சில் படும் தோல்பை ஒவ்வவில்லை போலும். பெரியமேளத்தின் ஒத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அவ்விடத்தை மின்னணுச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்டது. அப்பெட்டியைப் பரவலாக்கியதில் பெங்களூரின் ராடெல் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பது இந்நகரத்தவர்க்கு நினைவிருக்கும். மின்பெட்டியைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஒத்து ஊதுபவர்க்கு ஓர் ஆள் கூலி கொடுக்க இயலாத கலைஞர் வேறென்ன செய்வார்? துத்தி ஊதியவர்க்குப் படையில் பதவி இல்லை, போட்டி இல்லை, பாடநூல் இல்லை. அவர்கள் சார்ந்திருந்த ஆட்டமும் கோயில் தொடர்பும் ஒழுக்கத்தின் பெயரால் அகற்றப்பட்டபோது கருவியும் உடன் வீழ்ந்தது.

பெங்களூர்த் தமிழர் பொங்கல் விழாவும் திருவள்ளுவர் நாளும் சிறப்பாகவே நடத்துகின்றனர். அவ்விழாக்களில் பறையும் கரகமும் அரைமணி நேரம் மேடையேறுகின்றன. பிறகு கலைஞர் ஊர் திரும்புகிறார். அவருக்கு இந்நகரில் ஒரு மாணவர் உண்டா, வாரம் ஒரு வகுப்புக்கு இடம் உண்டா என்று விழாக்குழுவினர் கேட்பதில்லை. ஹைலண்ட் சங்கத்திடமிருந்து கற்க வேண்டியது உடையையும் கொடியையும் அல்ல. போட்டியும் பரிசும் பாடமுறையும் வைக்கும் பிடிவாதத்தை. ஓராண்டு விழாச் செலவில் ஒரு பங்கை ஒத்து, முகவீணை பயிற்றுநர் ஒருவருக்குச் சம்பளமாக ஒதுக்கலாம். இசைத்துறைகள் தோல்பைக் கருவி பற்றி முனைவர்பட்டத் தலைப்பு ஒன்றையேனும் ஏற்கலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கூத்து, பாகவத மேளம், சின்னமேளம் சார்ந்த குடும்பங்களில் துத்தி ஊதியவரை நேரில் கேட்ட முதியவரோ, அதன் பையைத் தைக்கவும் சீவாளி பொருத்தவும் அறிந்தவரோ உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்தம் இசைவு பெற்று எனக்கு எழுதுங்கள். ஒலிப்பதிவுக் கருவியுடன் எவ்வூருக்கும் வரத் தயாராக உள்ளேன்.