ஹாரி கோபப்பட்டது தப்பா?

 

மந்திரப் பள்ளியில் படிக்கும் ஹாரி பாட்டரின் கதையை ஜே.கே. ரௌலிங் 7 புத்தகமாக எழுதியிருக்கிறார். 4-ஆவது புத்தகம் 2000-இல் வந்தது. அடுத்ததுக்கு வாசகர்கள் 3 வருஷம் காத்திருந்தார்கள். 2003 ஜூன் 21-இல் 5-ஆவது வந்தது. பிரிட்டன் பதிப்பு 766 பக்கம்! ஆசையாகப் படித்தவர்களில் நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். ஹாரி எப்பப் பார்த்தாலும் கத்துறானாம், பழைய ஹாரியைக் காணோமாம்.

நான் கேட்கிறேன், அவன் ஏன் கத்த மாட்டான்? கூடப் படித்த செட்ரிக் அவன் கண் முன்னாலேயே செத்துப் போனான். அப்பா அம்மாவைக் கொன்ற வோல்டமார்ட் திரும்பி வந்துட்டான்னு சொன்னால் மந்திர அமைச்சகம் நம்பலை. பேப்பரில் பொய்யன் என்று எழுதினாங்க. தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் முகம் கொடுத்தே பேசலை. உண்மையைச் சொன்னதுக்காக அம்பிரிட்ஜ் டீச்சர் அவன் ரத்தத்தாலேயே இம்போசிஷன் எழுத வைத்தார். கடைசியில், அப்பா மாதிரி இருந்த சிரியஸும் போயிட்டார். அவனுக்கு வயசு 15 தான்!

புத்தகம் நீளம்தான், ஒத்துக்கறேன். பாசமா இருந்த ரான், ஹெர்மியோனி மேலேயும் எரிந்து விழுந்தான், அதுவும் தப்புதான். ஆனால் இவ்வளவு நடந்தும் சிரிச்சிக்கிட்டே இருந்திருந்தால் அந்தக் கதையை நான் நம்பியிருக்க மாட்டேன்.

நம்ம கிளாஸில் யாராவது கத்தினால் உடனே "திமிர்" என்கிறோம். என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டோமா? ஹாரியிடமும் அப்படிக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. இனிமேல் நாமாவது கேட்போமே!

— 9-ஆம் வகுப்பு மாணவி