நிலம் விற்ற பணமும் ஸ்டெம் செல் பங்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

போன மாதம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அலங்காநல்லூர்ப் பக்கம். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்.

"டீச்சர், ரோட்டுக்கு நிலம் போன பணம் 12 லட்சம் வந்திருக்கு. மதுரையில ஸ்டெம் செல் கம்பெனி ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க. இப்பவே பங்கு வாங்கினா அஞ்சு வருஷத்துல பத்து மடங்காகுமாம். போடலாமா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பங்கு வாங்குறவங்க வீட்டுக்குச் சிகிச்சையிலயும் முன்னுரிமை உண்டாம் டீச்சர்" என்றார்.

அவருடைய மகனுக்குத் தசைச் சிதைவு நோய். கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தைதான் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. பெயர் போடாமல் எழுதிக்கொள்ள அவரே அனுமதி கொடுத்தார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டெம் செல் ஆராய்ச்சி பொய்யில்லை. அதில் ஆரம்பத்திலேயே பணம் போடுவதும் தப்பில்லை. ஆனால் அது திரும்பி வராவிட்டாலும் குடும்பம் தாங்கும் என்கிற பணமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வீட்டில் இருக்கும் நோயைக் காட்டிப் பங்குப் பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

ஸ்டெம் செல் என்றால் என்ன? வாழை மரத்தடியில் பக்கக்கன்று கிளம்புகிறதே, அது போல. தானும் பெருகும், உடம்புக்கு வேண்டிய வேறு செல்லாகவும் மாறும். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்தான் நம் ரத்தத்தை உண்டாக்குகிறது. அதை மாற்றி வைக்கும் சிகிச்சையை வேலூர் சி.எம்.சி. 1980களிலிருந்தே செய்து வருகிறது.

நம் மதுரையிலும் இந்த ஆராய்ச்சி உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சி நிலையத்தில், கருவிழியின் ஓரத்தில் இருக்கும் ஸ்டெம் செல்களை அடையாளம் காணும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறார்கள். ஆகவே "மதுரையில் இதெல்லாம் நடக்குமா?" என்று நான் கேட்கவில்லை. "ஐந்து வருடத்தில் நடக்குமா?" என்றுதான் கேட்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து வருடத்தில் பத்து மடங்கு என்றால், பணம் வருடத்துக்குச் சுமார் 58 சதவீதம் கூட்டு வட்டியில் வளர வேண்டும். இனி இந்தத் தொழில் நிஜத்தில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பாருங்கள்.

பெங்களூரில் ஸ்டெம்பூட்டிக்ஸ் என்ற கம்பெனி 2006இல் தொடங்கியது. பின்னால் மணிப்பால் குழுமம் இருந்தது. 2009இல் சிப்லா மருந்துக் கம்பெனியும் 50 கோடி ரூபாய் முதலீட்டோடு சேர்ந்தது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கை கால் ரத்தக் குழாய் அடைபடுமே, அந்தப் பர்கர் நோய்க்கு அவர்கள் செய்த மருந்துக்கு 2016இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் கட்டுப்பாடுகளோடு. மூட்டுத் தேய்மானத்துக்கு அனுமதி வந்தது 2022இல். அவ்வளவு பெரிய கைகள் தாங்கியும், ஐந்தாவது வருடத்தில் விற்பதற்கு அனுமதி பெற்ற மருந்து கையில் இல்லை.

இத்தாலியில் கருவிழி ஸ்டெம் செல் சிகிச்சையின் முதல் முடிவு வெளிவந்தது 1997இல். ஐரோப்பாவில் விற்க அனுமதி கிடைத்தது 2015இல். 18 வருடம்! அமெரிக்காவில் ஜெரான் என்ற கம்பெனி 2010இல் முதுகுத்தண்டு நோயாளிகளுக்கு ஆய்வு தொடங்கி, 2011லேயே பணக் காரணத்தால் நிறுத்திக்கொண்டது.

மருந்து தேறவில்லை என்றால் போட்ட பணம் போச்சு. தேறினாலும் ஒரு சங்கதி உண்டு. இன்று கம்பெனியின் 100 பங்கில் உங்களுக்கு ஒன்று. அடுத்தடுத்த ஆய்வுக்குப் பணம் வேண்டுமென்று பெரிய முதலீட்டாளர்களுக்குப் பங்கு கொடுத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் 1,000 பங்கில் உங்களுக்கு ஒன்று. பெரிய முதலீட்டாளர் பத்து கம்பெனியில் போட்டு, ஒன்றில் எடுத்துக்கொள்வார். நம்மிடம் இருப்பது ஒரே நிலம், ஒரே பணம்.

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கும் கார்ட்லைஃப் அங்கே பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பெனி. சேமிப்புத் தொட்டிகளில் குளிர்நிலை சரியாக இல்லை என்று 2023 நவம்பரில் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. 2,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேமித்தது கெட்டுப்போனது. பங்கு விலையும் சரிந்தது. பெயர் பெற்ற கம்பெனிக்கே இந்தக் கதி.

சரி, நல்ல உதாரணமும் சொல்கிறேன். வேலூர் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் 2005இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவோடு வந்தது. அங்கே ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேருக்கு, அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லையே எடுத்து, நல்ல மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். முடிவு 2024 டிசம்பரில் வெளிவந்தது. சிகிச்சைக்குப் பிறகு கவனித்த காலத்தில் ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. அதில் சேர யாரும் பங்கு வாங்க வேண்டியிருக்கவில்லை. நம் வரிப்பணம்தான் அங்கே ஆரம்ப முதலீடு. 19 வருடம் பொறுமையாகக் காத்திருக்க அரசாங்கத்தால் முடியும். அலங்காநல்லூர் விவசாயியால் முடியுமா?

நான் பேசுவது ஏட்டுப் படிப்பு இல்லை. 1990களில் எங்கள் வீட்டிலும் 24 சதவீத வட்டிக்கு ஆசைப்பட்டு ஒரு நிதி நிறுவனத்தில் போட்டோம். என் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது 40,000 ரூபாய். ஒருநாள் போனால் கதவில் பூட்டு. அன்றைக்குப் பணம் மட்டும்தான் போனது. இன்று பணத்தோடு பிள்ளை குணமாவான் என்ற நம்பிக்கையையும் சேர்த்தல்லவா கேட்கிறார்கள்?

அந்த மாணவருக்கு நான்கு கேள்விகள் எழுதி அனுப்பினேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

1. கம்பெனி எந்த வகை? பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுமக்களைக் கூப்பிட்டுப் பங்கு விற்க முடியாது. குறிப்பிட்ட நபர்களுக்கு மட்டும், ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மிகாமல்தான் கொடுக்கலாம். பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். ரொக்கம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

2. மருத்துவ ஆய்வுப் பதிவு எண் என்ன? இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு உண்டு. இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

3. சிகிச்சைக்கு அனுமதி எங்கே? ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாகத்தான் நடக்க வேண்டும். ஆய்வில் சேரும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அப்படியிருக்க, பங்கு வாங்கினால் முன்னுரிமை என்பது எந்த நியாயம்?

4. நாளைக்கு மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டுமென்றால் இந்தப் பங்கை யாரிடம் விற்பது? சந்தையில் பட்டியலிடாத பங்கை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

நான்கையும் வாட்ஸ்அப்பில் கேட்டார். "நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தது. அவர் போகவில்லை. பணம் இப்போது வங்கியில் இருக்கிறது. மகனுக்குப் பழைய டாக்டரிடமே பிசியோதெரபி தொடர்கிறது. அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பதில் சொல்லாத இடத்தில் பணம் போடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஸ்டெம் செல்லுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசையா? சென்னையில் இருந்து நடக்கும் தாத்ரி அமைப்பில் ரத்த ஸ்டெம் செல் கொடையாளராகப் பதிவு செய்யுங்கள். 18 வயது முதல் 50 வரை உள்ளவர்கள் சேரலாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். நம் இனத்தவருக்கு நம்மிடம்தான் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம். எனக்கு வயதாகிவிட்டது. உங்களுக்கு ஆகவில்லையே!

பெரிய தொகை எங்கே அனுப்புவதாக இருந்தாலும், அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள். சாயங்காலம் 6 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கணக்கை உட்கார்ந்து சேர்ந்தே போடுவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்