குரோமியத்தை மட்டும் எண்ணினோம்

ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை தன் பின்னால் விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. மழை பெய்தால் அந்தக் குவியலின் அடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசியும். 2006ல் உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் வந்தது. அதைப் பற்றி நாம் எழுதாத பத்திரிகை இல்லை, பேசாத கருத்தரங்கு இல்லை. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் குரோமியம், குடிநீருக்கான வரம்பான 0.05க்கு அது எத்தனை மடங்கு என்றெல்லாம் கணக்குச் சொன்னோம். அந்த மண்ணில் எந்த உயிர் பிழைத்திருக்கிறது, பிழைப்பதற்கு அது எதைக் கற்றுக்கொண்டது என்று மட்டும் நாம் கேட்கவில்லை. இந்தப் பக்கம் ஓடும், தோல் ஆலைக் கழிவு கலந்த பாலாற்றுக்காகக் குரல் கொடுத்தவர்கள், எழுதியவர்கள், அதற்கான வழக்கைத் தொடர்ந்து கவனித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்த தவறு இது.

குரோமியம் ஊறிய மண்ணில் சாதாரண பாக்டீரியா தாக்குப்பிடிக்காது. உள்ளே நுழையும் நஞ்சை உடனுக்குடன் வெளியே தள்ளும் பம்பு போன்ற புரதம் உள்ளவைதான் பெரும்பாலும் பிழைக்கும். அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. ஆண்டிபயாடிக்கை முறியடிக்கும் மரபணுக்களும் அதே வளையத்தில், ஒரே கொத்தில் தொங்கும் சாவிகளைப் போல, சேர்ந்திருப்பதுண்டு. குரோமியத்தைச் சமாளிக்க வளையத்தைக் கைவிடாமல் வைத்திருக்கும் கிருமி, மருந்து எதிர்ப்பையும் சேர்த்தே காப்பாற்றி வருகிறது. இதற்கு ஒரு மாத்திரைகூட அந்த மண்ணில் விழ வேண்டியதில்லை. தோல் கழிவு படிந்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த, குரோமியம் தாங்கும் பாக்டீரியாக்கள் பல ஆண்டிபயாடிக்குகளையும் தாங்குவதை ஆய்வகங்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. பிளாஸ்மிட் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது. இனம் மாறிக்கூடப் போகும்.

கைமாற ஆள் வேண்டுமே! அந்த ஆளை அனுப்பி வைத்தது நாம்தான். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று பாலாற்றங்கரை ஊர்களின் சாக்கடை, சுத்திகரிக்காமல் அதே ஆற்றில்தான் விழுந்து வந்தது. தோல் தொழிற்சாலையைக் கைகாட்டிய நம் வீட்டுக் கழிவும் அதில்தான் சேர்ந்தது. காய்ச்சல் என்றதும் மெடிக்கல் ஷாப்பில், "அண்ணே, ரெண்டு நாளைக்கு மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்கி, உடம்பு தேறியதும் மீதியைக் குப்பையில் வீசினோம். மருத்துவர் மருந்து வேண்டாம் என்றால் வேறு மருத்துவரைத் தேடிப் போனோம். அப்படி நம் குடலில் பழக்கப்பட்ட கிருமிகளும், குரோமியத்தில் பழக்கப்பட்ட கிருமிகளும் ஒரே ஆற்று மணலில் சந்திக்க நாமே வழி செய்து கொடுத்தோம்.

எச்சரிக்கை வராமல் இல்லை. 2010 ஆகஸ்டில் என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணு பற்றிய ஆய்வு லான்செட் குழும இதழில் வெளிவந்தபோது அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் மரபணு அது. சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளும் அந்த ஆய்வில் இருந்தன. நாம் என்ன செய்தோம்? மரபணுவின் பெயரில் புது டெல்லி இருப்பது தேசத்துக்கு அவமானம் என்று கொந்தளித்தோம். மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி என்றோம். அடுத்த ஆண்டே டெல்லியில் எடுத்த குழாய்த் தண்ணீர் மாதிரி 50ல் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீர் மாதிரி 171ல் 51லும் அந்த மரபணு இருப்பதாக இன்னொரு ஆய்வு வந்தது. அப்போதும் தண்ணீரைப் பற்றிய பேச்சு எழவில்லை.

ஹைதராபாத் அருகே மருந்து ஆலைக் கழிவைச் சுத்தம் செய்யும் பட்டான்சேரு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாடிக் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007ல் வெளியிட்டார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் மருந்து தென்பட்டது. மருந்து ஆலைக் கழிவில் ஆண்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்பு வைக்கும் வரைவு விதி 2020 ஜனவரியில் வந்து, 2021 ஆகஸ்டில் இறுதி விதியானபோது அந்த வரம்புகள் காணாமல் போயின. நாட்டில் பெரிய சத்தம் எதுவும் எழவில்லை.

சுத்தம் செய்வது என்று வரும்போது நம் அலட்சியம் இன்னும் ஆபத்தாகிறது. மாசடைந்த நிலத்தடி நீரில் மொலாசஸ் போன்ற உணவை இறக்கி, பாக்டீரியாக்களைப் பெருக்கி, அவற்றைக் கொண்டே நச்சுக் குரோமியத்தைத் தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாற்றுவது நல்ல முறை, செலவும் குறைவு. அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் பெருக்குகிற கிருமி எது, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்காமல் பெருக்கக் கூடாது. அமெரிக்காவில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் கலந்த நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யப் பர்க்ஹோல்டேரியா செபேசியா என்ற பாக்டீரியாவைப் பயன்படுத்தும் முயற்சி நடந்தது. வெங்காயத்தை அழுகவைக்கும் கிருமியாக 1950ல் விவரிக்கப்பட்ட அது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் நுரையீரலில் புகுந்தால் உயிரைக் குடிக்கும். கோலிஸ்டின் உட்படப் பல மருந்துகளுக்கு இயல்பிலேயே மசியாது. 2003ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதை இப்படிப்பட்ட புதிய வேலைகளுக்குப் பயன்படுத்துவதற்கு முன் தனக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று விதி போட்டது.

நம் ஊரில் கசடை அள்ளுபவரை நினைத்துப் பார்ப்போம். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் புதைந்து இறந்தார்கள். இழப்பீடு பற்றிக் கேட்டோம், கேட்க வேண்டியதுதான். அந்தக் கசடைப் பின்னர் வாரியவர்களின் கை கால் காயங்களில் என்ன ஒட்டியிருக்கும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமி திடமான உடம்பில் சத்தமில்லாமல் குடியிருக்கும். சர்க்கரை நோயாளியின் காலில் புண் வரும்போது, பிரசவத்தில், பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் அது தலைகாட்டும். அப்போது எழுதிக் கொடுக்க மருந்து இருக்காது. உலகில் 2019ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடியாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேரைக் கொன்றதாக மதிப்பீடு.

தோல் ஆலை மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் பாலாற்றை மீட்க மறுபடியும் உத்தரவிட்டிருக்கிறது. இனிமேல் நடக்கும் துப்புரவிலும் குரோமியம், உப்பு, சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) என்று பழைய பட்டியலையே நீட்டினால் பழைய தவறுதான் தொடரும். இப்போதைய குடிநீர் தரநிலை ஈ.கோலை இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. இருந்தால் அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்ப்பதில்லை. அதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. மருத்துவமனையில் நம் சிறுநீருக்குச் செய்யும் அதே கல்ச்சர், சென்சிட்டிவிட்டி சோதனை போதும். ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்ட வாசகர்களே, அடுத்த கிராம சபையில், நகர்மன்றத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: எங்கள் போர் தண்ணீருக்கும், அள்ளப்போகும் கசடுக்கும் இந்தச் சோதனையைச் செய்து, முடிவை எங்கள் முன் வையுங்கள். அதன் பிறகு மண்ணில் கை வையுங்கள்.