ஒரு தோற்றால் வீட்டுக்கு

கேலிக் கால்பந்து அயர்லாந்துக்காரர்களின் சொந்த ஆட்டம். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். பக்கத்துக்கு 15 பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற ஆசிரியரும் எலக்ட்ரீஷியனும் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போயாக வேண்டும்.

அங்கே அல்ஸ்டர் மாகாணத்தில் 9 கவுண்டிகள். ஆறு வட அயர்லாந்தில், மூன்று எல்லைக்கு அந்தப் பக்கம் குடியரசில். ஒவ்வொரு கவுண்டியிலும் முதலில் வரும் கிளப் மாகாணப் போட்டிக்குப் போகிறது. ஒரு ஆட்டம் தோற்றால் அவ்வளவுதான், அடுத்த வருஷம் பார்க்கலாம். இது 1968 முதல் நடக்கிறது.

வருஷம் முழுக்கப் பயிற்சி செய்தவனை ஒரு மணி நேரத்தில் வெளியே அனுப்புவது அநியாயம், லீக் முறையில் எல்லோருக்கும் நாலைந்து ஆட்டமாவது கொடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் நாக் அவுட் கட்சி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 அணிக்கு 8 ஆட்டம் போதும். லீக் என்றால் அது எத்தனை மடங்கு? நவம்பர், டிசம்பர் குளிர், சேறு. கூலி வாங்காதவனிடம் இன்னும் எத்தனை வார இறுதிகளைக் கேட்பது? பணம் வாங்குபவன் ஆடலாம், அது அவன் தொழில்.

நாக் அவுட் என்றால் லாட்டரி என்பார்கள். லாட்டரி ஒரே ஊருக்கு 11 தடவை விழுமா? அர்மா கவுண்டியின் கிராஸ்மக்லென் 1996க்கும் 2015க்கும் நடுவே அப்படித்தான் வென்றது. எல்லையோரத்துச் சின்ன ஊர். கலவர காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் மைதானத்தை ஒட்டியே முகாம் போட்டு, கிளப்பின் நிலத்திலும் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டது. வெளியூர் ஆட்களை விலைக்கு வாங்கி அவர்கள் ஜெயிக்கவில்லை. அந்த ஊர்ப் பையன்களை வைத்தே ஜெயித்தார்கள்.

இதில் வலி இல்லை என்று சொல்ல மாட்டேன். டைரோனைப் பாருங்கள். கவுண்டி அணி 2003, 2005, 2008, 2021 என நான்கு முறை அகில அயர்லாந்துக் கோப்பையை வாங்கியது. ஆனால் உள்ளூர்ப் போட்டியும் நாக் அவுட்தான், அதில் ஒருவரையொருவர் அடித்துத் தீர்த்துக்கொண்டு, மாகாணத்துக்கு வரும்போது களைத்துப் போகிறார்கள். எரிகல் கியாரன் என்ற கிளப் 1993ல் வென்றது, பிறகு 2002ல். அடுத்த கோப்பைக்கு 22 வருஷம் ஆயிற்று.

அந்த இரண்டு பழைய அணிகளிலும் பீட்டர் கனவன் ஆடினார். 2024ல் வென்ற அணியில் ஆடியது அவருடைய பையன்கள் டாராவும் ரூரியும்.