கண் மங்கினால் உப்பு வெயில்தானா?

சாகுபுரத்தைச் சுற்றியுள்ள உப்பளங்களில் உழைக்கும் நம் பெண்களுக்குத் திடீரென ஒரு கண் மங்கினால், 'உப்பு வெயில்' என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. கால் மரத்தால் 'சத்துக்குறைவு'. நியூரோமயலைடிஸ் ஆப்டிகாவாகவும் இருக்கலாமே! பெண்களையே அதிகம் தாக்கும் நோய் அது.

இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருளை 2004இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சோதிக்காமல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று எண்ணி இன்டர்ஃபெரான் கொடுத்தால் நோய் முற்றக்கூடும். ஒவ்வொரு தாக்குதலும் மீளாத பார்வையிழப்பில் முடியலாம்.

மங்களூரில் லேகா பண்டிட் குழுவினர் பல மாநில மாதிரிகளைச் சோதித்திருக்கிறார்கள். ஆக, நோயாளி போக வேண்டியதில்லை. ஒரு குழாய் இரத்தம் போனால் போதும்.

காசுள்ளவருக்கு நோயின் பெயர், சேரிக்கு மட்டும் வெயிலா? தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இச்சோதனை இலவசமாகக் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்கிறோம். தோழர்களே, சேர்ந்து கேட்போம்.