போல்ட் பொருந்தினால் போதுமா?

காரின் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் இருக்கிறது. கூடவே ஷாக் அப்சார்பர் இருக்கிறது. பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் அமுங்கி அடியைத் தாங்குகிறது. அது திரும்பத் திரும்பத் துள்ளாமல் ஷாக் அப்சார்பர் அடக்குகிறது. இரண்டும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள்.

இவை தேய்ந்தால் செலவுதான். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய சாமான் மலிவாகக் கிடைக்கிறது. சிக்கனம் நல்லதுதான். ஆனால், "வேறு மாடல் ஸ்பிரிங்தான், போல்ட் பொருந்துகிறது, மாட்டிவிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் உஷார்!

கனமான காரின் ஸ்பிரிங், லேசான காரில் சரியாக அமுங்காது. வண்டி தூக்கித் தூக்கிப் போடும். சக்கரம் ரோட்டை விட்டு எழும்பும். அந்த நேரம் பிரேக் போட்டும் பலனில்லை. லேசான காரின் ஸ்பிரிங்கோ கனமான காரைத் தாங்காது. வண்டி தாழும், டயர் உரசும். ஷாக் அப்சார்பர் நீளமாக இருந்தால், பிரேக் குழாய் இழுபட்டு அறுந்துபோகலாம்.

தயாரித்த கம்பெனியே இரண்டு மாடல்களுக்கு ஒரே பாகத்தைப் போடுவதும் உண்டு. பாக எண் ஒன்றாக இருந்தால் பயமில்லை.

கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு.

மெக்கானிக்கிடம் "பொருந்துமா?" என்று கேட்டால் போதாது. "பாக எண் ஒன்றுதானா?" என்று கேட்கவேண்டும். மிச்சமாவது சில ஆயிரம். பின் சீட்டில் இருப்பதோ பெற்ற பிள்ளைகள்!