எட்டணா பாக்கி

கும்பகோணத்தில் இருக்கும் அந்தப் பெரியவர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய நாணயச் சேகரிப்பு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிவிடுகிறது. ராஜா காலத்துத் தங்கக் காசு, வெள்ளிக் காசு எதுவும் அதில் கிடையாது. ஏறக்குறைய எல்லாமே டிக்கெட் பையில் வந்து விழுந்தவை.

"பையில விழுந்தா அது டிப்போ காசு. பிடிச்சிருந்தா அதே மதிப்புக்கு என் சட்டைப் பையிலேருந்து போட்டுட்டுத்தான் எடுப்பேன்" என்கிறார். 30 வருஷ சர்வீஸில் இந்த வழக்கத்தை ஒரு நாளும் விட்டதில்லையாம்.

பையில் விழாமல் வந்தது ஓட்டைக் காலணா. அது அவருடைய அம்மா கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு அடித்த வெண்கலக் காசு, 1943 முதல் 1947 வரை வந்தது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு நாலு காலணா. அம்மா அதைக் கயிற்றில் கோத்து, தானியக் குதிர் சாவியோடு இடுப்பில் செருகியிருப்பார். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து அணாக் கணக்கு முடிந்த பிறகும், சாவியோடு அந்தக் காலணா இருந்துகொண்டே இருந்தது. நம் பேச்சிலும் நாலணா, எட்டணா அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லையே!

அடுத்தது தாமரை போட்ட 20 காசு. 1968-லிருந்து சில வருஷங்கள் மட்டும் வந்தது. மஞ்சளாகப் பளபளத்ததால் அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. தங்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் லட்சுமிக்கு உகந்த தாமரை ஆயிற்றே என்று பெண்கள் பூஜைக்கு எடுத்து வைத்துக்கொண்டார்கள். மனைவிக்காக 108 சேர்க்க ஆரம்பித்தவருக்கு 63-லேயே நின்றுபோனது. மீதி இடத்துக்கு ஒரு ரூபாய்களை வைத்து வரலட்சுமி நோன்பை முடிக்கிறார்கள். லட்சுமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு. ஸ்பெஷல் பஸ்களில் ராத்திரி பகலாக டியூட்டி பார்த்தவர்களில் இவரும் ஒருவர். மாநாட்டுப் பந்தலை எட்டிப் பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு வெளியான நாணயம் பின்னாளில் ஒரு பயணி நீட்டிய சில்லறையில் கிடைத்தது. "நான் பார்க்காத மாநாடு என்னைத் தேடி வந்துச்சு" என்று சிரிக்கிறார்.

இந்த டப்பாவை விற்றுவிடலாம் என்ற பேச்சு போன வருஷம் மகனிடமிருந்து வந்தது. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம். போட்டோ அனுப்பியதும், முதலில் பதிவுக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். பெரியவர் அங்கேயே நிறுத்திவிட்டார். காசு வாங்குகிறவன் எதற்குக் காசு கேட்கிறான் என்பது அவர் கேள்வி. நல்ல கேள்விதான். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிக் கட்டணம், கமிஷன், வரி என்று கறக்கிறார்கள். பழைய நாணயங்களை வாங்கும் விற்கும் வேலையில் தாங்கள் இல்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. வீட்டில் பழைய காசு வைத்திருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

பேரனுக்கு இந்த விலை விவகாரம் எதுவும் ஒட்டவில்லை. ஆண்டுக்குக் கீழே உள்ள சின்னக் குறியைப் பார்த்து, வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா என்று ஊர் கண்டுபிடிப்பதுதான் அவனுக்கு விளையாட்டு.

டப்பாவின் அடியில் ஒரு 50 காசு, தாளில் மடித்து வைத்திருக்கிறார். தாளின் மேல் 'சுவாமிமலை - கீரை ஆயா - எட்டணா' என்று எழுதியிருக்கிறது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு காலை நேரம். சில்லறை இல்லாமல் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழிதிக் கொடுத்திருக்கிறார். கூட்டத்தில் ஆயா கூடையோடு இறங்கிப் போய்விட்டார். மறுநாள் அவர் வரவில்லை. அந்த வாரமே இவருக்கு ரூட் மாறிவிட்டது. லீவு நாளில் இரண்டு முறை சுவாமிமலைக்குப் போய் விசாரித்தும் ஆள் தெரியவில்லை.

25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. 50 காசு, கடைக்காரர்கள் முகம் சுளித்தாலும், சட்டப்படி இன்றும் செல்லும். அதில் அவருக்கு ஒரு நிம்மதி.

மகன் விற்பனைக்குப் பட்டியல் போட்டபோது இதை மட்டும் சேர்க்கவிடவில்லை. "அது என் காசு இல்லப்பா" என்று வாங்கி வைத்துக்கொண்டார். தாளில் மை மங்கிப்போனதால், அதே எழுத்தின் மேல் பேனாவால் இன்னொரு முறை எழுதி வைத்திருக்கிறார்.